குடியரசின் காலடியில் ஒரு வெள்ளிக்கிழமைப் பூ

என் அன்பு அக்காவுக்கு,

ஒஸ்லோவில் எங்கள் அம்மருட் பக்கம் இன்று இந்த வருடத்தின் முதல் பனி விழுந்திருக்கிறது. மேசை லாச்சியைத் திறந்தால் ஒரு தொலைபேசி அட்டை கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் உங்களோடு கதைப்பதற்காக வாங்கியது. அதில் மிச்சமாக இருக்கும் நிமிடங்களை என்ன செய்வது என்று தெரியவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

உங்கள் மகள் வாசுகி சுகமாக இருக்கிறாள். லோறென்ஸ்கூக்கில் வாங்கிய வீட்டுச் சுவர்களுக்கு மருமகன் தானே நின்று வர்ணம் பூசுகிறார். பாதிச் சுவர் ஒரு நிறம், மீதி வேறு நிறம். நீங்கள் இருந்திருந்தால் சிரித்திருப்பீர்கள். ஆனால் கோடையில் நீங்கள் போன நாளிலிருந்து ஒரு கேள்வி அவளை நிம்மதியாக ஒரு வாய் சோறு சாப்பிட விடவில்லை. உங்கள் அஸ்தியை எங்கே வைப்பது?

பிரான்சில் தகனசாலையில் சில மாதம் வைத்திருக்கச் சம்மதித்தார்கள். அதற்குள் அவள் ஒரு முடிவு சொல்ல வேண்டும். கனடாவிலிருந்து பெரியம்மாவின் மகன் வாரம் தவறாமல் போன் எடுப்பார். "இப்ப பாதை திறந்து கிடக்கு, பிள்ளை. கீரிமலைத் தீர்த்தத்திலை கரைக்கக் கொண்டு போ. ஆரின்ரையோ ஊர் மண்ணிலை ஏன் விடுறியள்?" மருமகனோ, "மாமியை எங்களுக்குக் கிட்ட ஒஸ்லோவிலை வைப்பம், தனிய விடேலாது" என்றார். இரண்டு பேரும் அன்பில்தான் சொன்னார்கள். நீங்கள்தான் ஒரு சொல்லும் சொல்லி வைக்கவில்லை.

"மாமா, நீங்கள் வாத்தியார். நீங்கள் சொல்லுறதைச் செய்யிறன்" என்று அவள் என்னிடம் வந்தாள். அந்தப் பிரெஞ்சு ஊரை விட்டு வாருங்கள் என்று வருடக்கணக்காக உங்களோடு வாதாடியவன் நான். நான் எதைச் சொல்ல?

மொன்ரிவேல். அந்தப் பெயர் என் வாயில் ஒழுங்காக வந்ததே இல்லை. அத்தான் போன பிறகு, சின்னப் பிள்ளையான வாசுகியோடு ஒளித்து ஒளித்து நாட்டை விட்டு வந்த உங்களை, பிரெஞ்சு அரசாங்கம் அந்த ஊர் அகதி விடுதியில் கொண்டுபோய் விட்டது. சுற்றிவரச் சீனி எடுக்கும் பீட் கிழங்கு வயல், நடுவில் ஒரு சிறு ஊர். விசா கிடைத்ததும் விடுதியில் இருந்த மற்றத் தமிழர்கள் எல்லாரும் பாரிசுக்கு ரயில் ஏறினார்கள். நீங்கள் மட்டும் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை எடுத்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டீர்கள். வாசுகி கலியாணம் முடித்து நோர்வேக்கு வந்த பிறகும் அசையவில்லை. ஏன் என்று கேட்டால், "இஞ்சை எனக்கு வேலை கிடக்கு தம்பி" என்பீர்கள். சமையல் வேலையைத்தான் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன்.

நான் ஓய்வு பெற்ற வருடம் உங்களைப் பார்க்க வந்தது நினைவிருக்கிறதா? யாழ்ப்பாணத்தில் சரித்திரம் படிப்பித்து, இங்கே ஒஸ்லோவில் குரோருட்டில் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தாய்மொழி படிப்பித்த எனக்கு, அன்று நீங்கள் பாடம் எடுத்தீர்கள். பழைய கோட்டை மதிலில் மிஞ்சியிருந்த ஒற்றை வாசலைக் காட்டி, "பார், வளவெல்லாம் போயிட்டுது, படலை மட்டும் நிக்குது" என்றீர்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் குண்டு வைத்து உடைத்த பாலத்தில் ஒரு வளைவு மட்டும் வெள்ளைக் கல்லில் இருந்தது. "பல்லுக் கட்டின மாதிரி இல்லையோ?" என்று கேட்டீர்கள். சந்தைக் கூரையின் கறுத்த மரங்களுக்குக் கீழே, தானியம் அளப்பதற்காகக் கல்லில் குடைந்த குழிகளையும் காட்டினீர்கள். அதற்குள் கையை விட்டுப் பார்த்தேன். குளிர்ந்தது.

பிறகு நகரசபைச் சதுக்கம். தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வெண்கலத்தில் ஒரு பெண், தலையில் கோதுமைக் கதிர் முடி. நீங்கள் செருப்பைக் கழற்றினீர்கள். ஜன்னல் சாடியில் வளர்த்த சிவப்பு ஜெரேனியத்தில் ஒரு பூவை அவள் காலடியில் வைத்தீர்கள். ஊரில் அம்மனுக்கு வைக்கும் செவ்வரத்தைப் பூவுக்குப் பதில் அது. அந்த ஊருக்கு வந்த முதல் கிழமையிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும், விடியவே, ஒரு பூ; வேலை கிடைத்த பிறகு, வேலைக்குப் போகும் வழியில்.

நான் கீழே இருந்த எழுத்தை வாசித்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"அக்கா, இது அம்மன் இல்லை. மாதாவும் இல்லை. இது குடியரசு."

"அப்பிடியெண்டா?"

"ராசா இல்லாத ஆட்சி. அந்த எண்ணத்துக்கு ஒரு பெண்ணுருவம் குடுத்து வைச்சிருக்கினம்."

"அப்ப இவ பிறக்கேல்லையோ?"

"இல்லை."

"சாகவும் மாட்டா?"

"அதெப்பிடிச் சாகிறது?"

"ஊருக்குத் தண்ணியும் குடுக்கிறா. அப்ப சாமிதானே, வாத்தி" என்று சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தீர்கள். வகுப்பு வகுப்பாகப் பிரெஞ்சுப் புரட்சியைப் படிப்பித்த நான் உங்களுக்குப் பின்னால் நடந்தேன்.

ஆனாலும் நான் சொன்னது உங்களுக்குள் வேலை செய்திருக்கிறது. நான் ஒஸ்லோ திரும்பிய ஞாயிறு நீங்களே போன் எடுத்தீர்கள். "உன்ரை குடியரசின்ரை கதையைச் சமையலறையிலை கேட்டனான். யுத்த நேரம் ஜெர்மன்காரர் வெண்கலச் சிலையெல்லாம் உருக்க எடுத்தவங்களாம். இந்த ஊர்ச் சனம் அவவைக் கழட்டிக் கிழங்கு வயலுக்குள்ளை குழி வெட்டித் தாட்டு வைச்சிருந்து, யுத்தம் முடிஞ்ச பிறகு கொண்டு வந்து நிப்பாட்டினதாம். முடியிலை ஒரு கதிர் முறிஞ்சிருக்கு, நீ பாக்கேல்லை. நான் எத்தினை நாள் பாத்து யோசிச்சனான்." பிறகு, "அவவும் ஒளிச்சுக் கிடந்து வந்தவதான்" என்றீர்கள். உங்கள் அட்டை முடிந்து தொடர்பு அறுந்தது.

இனி உங்களுக்குத் தெரியாததைச் சொல்கிறேன்.

செப்டெம்பரில் உங்கள் வீட்டைக் காலிசெய்ய நானும் வாசுகியும் போனோம். அந்த வார இறுதியில் பிரான்ஸ் முழுவதும் பழைய கட்டடங்களைத் திறந்து சனத்துக்குக் காட்டுவார்கள் அல்லவா? பெட்டி கட்டிக் களைத்துப்போய், காற்றுக்காக வெளியே வந்த நாங்கள் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து நடந்தோம். வழிகாட்டி ஒரு இளைஞர். வேறு ஊரிலிருந்து நகரசபை வேலைக்கு அண்மையில் வந்தவர். வாசல், பாலம், சந்தை என்று நீங்கள் காட்டிய அதே ஒழுங்கில் காட்டினார். உங்கள் பகிடிகள் இல்லாததுதான் குறை.

சதுக்கத்துக்கு வந்தபோது வாசுகி என் கையைப் பிடித்தாள். சிலையின் காலடியில் வாடிய பூக்கள் கிடந்தன. ஒன்றல்ல, ஏழெட்டு. டெய்சிப் பூ, ரோசாப் பூ, பிள்ளைகள் பிடுங்கிய புல்லுப் பூ. வழிகாட்டி சொல்லச் சொல்ல அவள் மெதுவாக எனக்குத் தமிழில் சொன்னாள்.

"வெள்ளிக்கிழமைகளிலை இவவுக்குப் பூ வைக்கிறது இந்த ஊர்ப் பழக்கமாம், மாமா. ஆர் தொடங்கினதெண்டு தெரியாதாம். யுத்தத்திலை இவவை ஒளிச்சு வைச்ச குடும்பங்கள்தான் தொடங்கியிருக்க வேணுமாம்."

அக்கா, எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு அழுகை வந்தது.

"சின்னனிலை எனக்குச் சரியான வெட்கம் மாமா. அம்மா குனிஞ்சு பூ வைக்கேக்கை, நான் அவவின்ரை பிள்ளை இல்லை எண்ட மாதிரி முன்னாலை நடந்து போடுவன்." பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "சொல்லவோ?"

"அது உன்ரை விருப்பம்" என்றேன்.

அவள் கையைத் தூக்கினாள், வகுப்பில் பிள்ளை தூக்குவது போல. முதல் பூவை வைத்தது தன் அம்மாதான் என்று பிரெஞ்சில் சொல்லத் தொடங்கினாள். கூட்டத்தில் நின்ற ஒரு வயதான அம்மா, "ஓ, கன்ரீன் மதாம்!" என்று உங்கள் பள்ளிச் சமையலறைப் பெயரை உரக்கச் சொல்லித் தலையாட்டினார். இளைஞரின் முகம் சிவந்துவிட்டது.

"இவ்வளவு நாளும் தான் சொன்னது பிழையோ எண்டு கேக்கிறார், மாமா."

"அரைவாசிப் புள்ளி உண்டு எண்டு சொல்லு. ஒளிச்சு வைச்ச ஆக்கள் இல்லை, ஒளிச்சு வந்த ஆள்."

அவர் சிரித்தார். பிறகு சாதாரணமாகத்தான் ஒரு கேள்வி கேட்டார். அந்த அம்மா இப்போது எங்கே?

மாதக்கணக்காகக் கனடாவும் நோர்வேயும் கேட்ட அதே கேள்வி. வாசுகி என்னைப் பார்க்கவில்லை. சிலையைப் பார்த்தபடி ஒரே ஒரு சொல் சொன்னாள். எனக்குத் தெரிந்த சில பிரெஞ்சுச் சொற்களில் அதுவும் ஒன்று. இங்கே.

"மாமா, சொல்லிப்போட்டன்."

"ஓம் பிள்ளை. கேட்டது."

இங்கே அம்மருட்டில் எங்கள் தொடர்மாடிக்கும் ரயில் நிலையத்துக்கும் இடையில், ஒவ்வொரு குளிர்காலத்திலும் பனிக்குள் ஒரு பாதை உண்டாகும். முதல் ஆள் தன் அவசரத்துக்குக் காலை வைப்பார். அடுத்தவர் அந்தச் சுவட்டில் வைப்பார். மாசி மாதம் வரும்போது குழந்தை வண்டிகூட அதில் போகும். முதலில் நடந்தவர் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. சரித்திரம் என்றால் என்ன என்று வகுப்பில் எத்தனையோ விதமாகச் சொன்னேன். இந்த உதாரணம் அப்போது எனக்குக் கிடைக்கவில்லை.

தேவாலயத்துக்குப் பின்னாலுள்ள மயானத்தில், ஆறு தெரியும் பக்கமாக உங்களுக்கு இடம் எடுத்தோம். சென்ற கிழமை மகளும் மருமகனும் போய் உங்களை வைத்துவிட்டு வந்தார்கள். கல்லில் பெயர் தமிழிலும் இருக்கிறது. கனடாவுக்கு நான்தான் சொன்னேன். பெரியம்மாவின் மகன், "எண்டாலும் கீரிமலை..." என்று இழுத்தார். நான் அங்கு போகும்போது உங்கள் பெயர் சொல்லி முழுகுவேன் என்றதும் கொஞ்சம் ஆறினார்.

ஒன்று மட்டும் இன்னும் கேட்க ஆசை. "வேலை கிடக்கு" என்று நீங்கள் சொன்னது இந்தப் பூ வேலையைத்தானா?

வசந்தத்தில் வருவேன் அக்கா. ஒரு வெள்ளிக்கிழமை பார்த்து, விடியவே. உங்களுக்கு ஒரு பூ, சதுக்கத்தில் நிற்கும் அவளுக்கு ஒரு பூ. முறிந்த கதிரையும் இந்த முறை கட்டாயம் பார்ப்பேன். பக்கத்தில் எவராவது நின்று இவ எந்தச் சாமி என்று கேட்டால், சத்தியமாகப் பாடம் எடுக்கமாட்டேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு வரும்
உங்கள் வாத்தித் தம்பி