பூட்டிய அறையும் பொன்னாடையும்

கடலூர்

அன்பு மகள் பிரிசில்லாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே அப்பாவின் சுகரைத் தவிர எல்லாம் சௌக்கியம், ஸ்பெயினில் நீயும் உன் முழங்காலும் நலமாக இருக்க தினமும் ஜெபிக்கிறோம். போனில் பாதி சொல்வதற்குள் பிராக்டிஸ் என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன்.

கோப்பையை வாங்கின கையோடு டிவியில், நீ டென்னிஸ் பழகின சிதம்பரம் கிளப்பில் பெண்கள் கழிப்பறை வருஷம் பூரா பூட்டியே கிடக்கும், பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமல்தான் விளையாடுவார்கள் என்று சொன்னாயே, அன்றிலிருந்து இங்கே ஒரே ரகளை. கிளப் செயலாளர் சடையப்பன் வீட்டுக்கே வந்து, "சாம்பியன்னா பந்த அடிக்கணும் சார், எங்கள எதுக்கு அடிக்கிறா" என்று அப்பாவிடம் குதித்தார். பிறகு அவரே இறங்கி வந்து, எங்களுக்குப் பாராட்டு விழா வைத்துப் பொன்னாடை போடுவதாகவும், அப்பா மைக்கில் "சின்னப் பொண்ணு, தெரியாம பேசிட்டா" என்று சொன்னால் போதும் என்றும் சொன்னார். உன் அப்பாதான் பஸ்ஸில் ஸ்டாப் கேட்கவே கூச்சப்படுகிற மனுஷன் ஆயிற்றே, தலையாட்டிவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்குக் குழம்பில் உப்பே போடவில்லை.

போன மாதம் விழாவுக்குப் போனோம். இளநீர், மோர், ஜூஸ் என்று மாறி மாறிக் கொடுத்து உபசரித்தார்கள், வரவேற்புரை முடிவதற்குள் எனக்கு அவசரம். எழுந்து போய்ப் பார்த்தால் நீ சொன்ன அதே அறை, அதே பூட்டு. வாட்ச்மேன் சாவியோடு சேத்தியாத்தோப்பில் கல்யாணத்துக்குப் போய்விட்டாராம். கதவைத் திறக்காமல் பொன்னாடை வேண்டாம் என்று மேடையிலேயே சொல்லிவிட்டேன். சடையப்பன், "கொஞ்சம் பொறுத்துக்கங்கம்மா, போட்டோ எடுத்துரலாம்" என்றார். அப்போது மைக் அப்பா கையில். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "எம் பொண்ணு தெரிஞ்சுதான் பேசியிருக்கா. இப்ப எம் பொண்டாட்டி எங்க போவா, அத மொதல்ல சொல்லுங்க" என்று கேட்டாரே பார்க்கலாம்! கூட்டம் சிரித்தது, ராக்கெட்டோடு நின்ற பெண்பிள்ளைகள் கைதட்டினார்கள். வேறு வழியில்லாமல் பூட்டை உடைத்தார்கள். உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகள் மேல் ஒரு பெரிய பேனர் கிடந்தது, 'வீராங்கனைகளை வரவேற்போம்' என்று. அதைத் தாண்டித்தான் போனேன்.

இப்போது புதுக் குழாயும் புதுப் பூட்டும் போட்டாயிற்று, சாவி அந்தப் பிள்ளைகளிடமே இருக்கிறது. அப்பா தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறார், மாத்திரையைத்தான் மறக்கிறார். நேரத்துக்குச் சாப்பிடு. ஆட்டத்தில் அம்பயரிடம் கத்தி அபராதம் வாங்காதே. கத்த வேண்டியதையெல்லாம் வெளியே வந்து மைக் முன்னால் கத்து.

கர்த்தர் உன் கூடவே இருப்பார்.

உன் அம்மா,
ஆரோக்கியம்மாள்