சரஸ்வதிக்கு முன் வைத்த கடிதம்

முருகன் துணை

மல்வேர்ன்,
21.10.1996

அன்புத் தம்பி சச்சிக்கு,

நேற்று எங்கள் பில்டிங் ஹோலில் சரஸ்வதி பூசை. நான் கூட்டியோ குறைத்தோ சொல்கிறேன் என்று நீ நினைக்கக் கூடாது. அதனால் அங்கே இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். நான், அத்தான், பூசை செய்ய வந்த ஐயர், எட்டாம் மாடிக் கோணேஸ்வரி அக்கா, யுனிவர்சிற்றியில் படிக்கும் அவவின் மகள் சஜிதா, வேதக்காரர் என்றாலும் எங்கள் அவல் கடலைக்கு ஒரு வருஷமும் தவறாமல் வரும் இக்னேசியஸ் அண்ணை. மற்றவர்கள் வேலைக்குப் போய்விட்டார்கள்.

உன் கவிதை அமெரிக்கப் போட்டியில் தெரிவானதாக வந்த கடிதத்தின் கொப்பியை நீ அனுப்பினாய் அல்லவா, அதைச் சட்டம் போட்டு, குங்குமம் வைத்து, புத்தகங்களோடு அம்பாளுக்கு முன்னால் வைத்தேன். வருகிற மாதம் அங்கே பெரிய ஹோட்டலில் விழா, பதக்கம் தருகிறார்கள், என் தம்பி காரில் போகிறான் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டும் இருந்தேன்.

அப்போது சஜிதா குனிந்து பார்த்துவிட்டு, "அன்ரி, உது எனக்கு வந்த கடிதமெல்லோ" என்றாள். அவள் தாய், "உன்ரை கடிதம் பக்கத்தில கிடக்கடி, அது நான் வைச்சது" என்றா. பார்த்தால் அதே பொன்கரை, அதே கையெழுத்து. ஆயிரம் ஆயிரம் கவிதைகளுக்குள் உங்களுடைய அரிய பார்வை நடுவர்களின் மனத்தைத் தொட்டது என்ற வசனமும் அப்படியே. பெயரும் தலைப்பும் மட்டும் வேறு. அத்தானுக்கு வாய் சும்மா இருக்குமா? "கலைமகள் ரெண்டு பேருக்கும் ஒரே வரத்தைக் கொப்பி அடிச்சுக் குடுத்திட்டா போல" என்றார்.

கோணேஸ்வரி அக்கா மகளிடம், நீ அப்படி என்னத்தை எழுதினனீ என்று கேட்டா. அவள் முதலில் சிரித்தாள். பிறகு, "அம்மா, கோபிக்காதேங்கோ. உது கவிதையே இல்லை. கீழ லோண்ட்ரி ரூம் சுவரில ஒட்டியிருக்கிற நோட்டீஸ். வரி வரியா முறிச்சு அனுப்பினனான்" என்றாள். அங்கே அனுப்புகிற எல்லாரும் தெரிவாகிறார்கள் என்று சிநேகிதி ஒருத்தி சொன்னாளாம், உண்மையா என்று பார்த்தாளாம். மெஷினுக்குள் விட்டுப்போன உடுப்புக்கு நிர்வாகம் பொறுப்பல்ல என்றதில்தானாம் அந்த அரிய பார்வை. "அடி பாவி, லோண்ட்ரி நோட்டீசுக்கோ நான் பூ வைச்சுக் கும்பிட்டனான்!" என்று தாய் கத்தினா. அவ அதை எடுக்கப் போக, ஐயர் விடவில்லை. பூசையில் வைத்ததை விஜயதசமிக்கு முன் எடுக்கக் கூடாது என்றுவிட்டார். ஆகவே அந்த நோட்டீசும் நேற்றிரவு முழுக்க அம்பாளோடுதான் இருந்தது.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் இக்னேசியஸ் அண்ணை சிரிக்கவில்லை. மேலே தன் வீட்டுக்குப் போய், தலையணை அளவு புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார். காலஞ்சென்ற மனைவியைப் பற்றி அவரும் அதே போட்டிக்கு எழுதி, தெரிவாகி, காசு கட்டி வாங்கிய புத்தகம். ஒரு பக்கத்தில் ஏழெட்டுப் பேருடைய கவிதைகள், பூதக்கண்ணாடி வேண்டும். கடை கடையாக விசாரித்தாராம், ஒரு கடையிலும் அந்தப் புத்தகம் இல்லை. "அவவின்ரை பேர் ஒரு புத்தகத்தில கிடக்கட்டும், அதுக்கு நான் கவலைப்படேல்லை, தங்கச்சி. பரிசு எண்டு ஊரெல்லாம் சொன்னதுதான் நோகுது" என்றார்.

தம்பி, நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் படிக்காதவள். இங்கிலீசைக்கூட அகராதியை வைத்துத்தான் வாசிக்கிறேன். ஆனால் வீட்டுக் கணக்குப் பார்க்கிறவளுக்கு இது விளங்கும். அந்தப் புத்தகத்தில் எழுதியவர்களைத் தவிர வேறு யார் அதை வாங்குகிறார்கள்? ஒருவரையும் வேண்டாம் என்று சொல்லாதவர்கள், எழுதினவனிடமே புத்தகத்தையும் பதக்கத்தையும் விற்கிறவர்கள், நடுவர் யார் என்று பெயர் போடாதவர்கள், இவர்கள் உன் கவிதையை வாசித்தேயிருக்க மாட்டார்கள்.

நான் வாசித்தேன். பேக்கரி வேலையில் மீசையில் மாவு படிந்ததைக் கண்ணாடியில் பார்த்து, நிலாணி வந்து சேருமுன் கிழவனாகிவிட்டேனோ என்று எழுதினாயே, அடுப்பில் சோறு அடிப்பிடித்ததுகூடத் தெரியாமல் நின்றேன். நீ அவர்களுக்காக இங்கிலீசில் மாற்றியதை அல்ல, எனக்கு எழுதிய தமிழை. அதை இங்கே நம்முடைய பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பு. அவர்கள் போடலாம், திருப்பியும் அனுப்பலாம். திருப்பி அனுப்பக் கூடிய இடத்தில் வந்தால்தான் அது உனக்கு மரியாதை.

நீ கேட்ட பயணக்காசு என்னிடம் இருக்கிறது. இதற்குத் தர மாட்டேன். லோயருக்கு என்றால் இன்றைக்கே அனுப்புகிறேன். விழாவில் தரும் சேர்ட்டிபிக்கற்றைக் காட்டினால் தை மாத அகதி விசாரணையில் உன்னை மதிப்பார்கள் என்று எழுதியிருந்தாய். ராசா, உன் கேஸ் முடியாமல் நீ போடரைத் தாண்டி அமெரிக்காவுக்குப் போனால் திரும்ப இந்த நாட்டுக்குள் விடுவார்களா? வெளியே போகவே கூடாது என்று லோயர் உனக்குச் சொன்னதை நீயே போன மாதம் எனக்குச் சொன்னாய். நீ தாலி கட்டிய நிலாணி கொழும்பு லொட்ஜில் உன் பேப்பரை நம்பித்தான் இருக்கிறாள். அவளுக்கு நான் பிறகு என்ன எழுதுவேன்?

ரெலிபோனில் நான் இந்தக் கதையைத் தொடங்கியதுமே நீ வைத்துவிட்டாய். அதுதான் கடிதம். கோபம் இருந்தால் இருக்கட்டும், அக்காவோடுதானே. உன் அறையில் இருக்கும் குலசிங்கத்திடமும் சொல்லு, காரைத் தர வேண்டாம் என்று நான் கேட்டதாக.

நேரத்துக்குச் சாப்பிடு. குளிர் தொடங்கிவிட்டது, காதை மூடிக்கொண்டு போ. உன் கைக்கு அம்பாள் குறை வைக்க மாட்டாள்.

நீ போகவில்லை என்று ஒரு வரி எழுது. இந்தக் கிழமைக்குள் பதில் போடு.

அன்பு அக்கா,
யோகமலர்