சங்கிலிக் கொக்கிக்குப் புது விதி

மருமகளே,

கண் டாக்டரிடம் போகிறேன். சாவியையும் இந்தச் சீட்டையும் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிறேன். நாலு மணிக்குக் குழாய் ரிப்பேர்காரர் வருவார். போன தடவை மாதிரி துணியைச் சுற்றிவிட்டு நழுவப் பார்த்தால் விடாதே.

விஷயத்துக்கு வருகிறேன். ஆளுக்கொரு வீரனாகி உன் டிராகனோடு மோதும் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பகடை விளையாட்டில், என் வீரனுக்கு நானே வடிவமைத்த சங்கிலிக் கொக்கி ஆயுதத்தை, "ரொம்ப ஓவர் மாமா, மத்தவங்களுக்கு அடிக்க ஒண்ணுமே மிஞ்சாது" என்று ஒதுக்கிவிட்டாய். "முப்பது வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பண்ணவனுக்கே கணக்கு சொல்லித் தர்றியா?" என்று உன் நண்பர்கள் முன்னால் கத்திவிட்டேன்.

இன்று காலை நூறு தடவை பகடை உருட்டிச் சண்டை போட்டுப் பார்த்தேன். உன் டிராகன் எண்பத்து மூன்று தடவை செத்தது. பாவம், நெருப்புக் கக்க வாயைத் திறக்கக்கூட அதற்கு நேரம் கிடைக்கவில்லை. அது ஆயுதம் இல்லை, அராஜகம்.

புது விதி இதுதான்: ஒரு அடி அடித்தால், என் அடுத்த முறை முழுவதும் சங்கிலியை இழுத்துச் சுற்றுவதிலேயே போய்விடும். அதற்குள் யார் வேண்டுமானாலும் என்னைச் சாத்தலாம். மறுபடி நூறு சண்டை போட்டேன். டிராகன் செத்தது நாற்பத்தெட்டு தடவைதான்.

ஞாயிற்றுக்கிழமை அதே ஆட்கள் முன்னால் "என் மேலதான் தப்பு" என்று சொல்கிறேன். "பரவாயில்ல மாமா" என்று நடுவில் புகுந்து கெடுத்துவிடாதே.

பி.கு.: சீட்டைக் கிழித்துப் போடு. உன் அத்தை கண்ணில் பட்டால் தொலைந்தேன். என் வாயிலிருந்து அந்தத் 'தப்பு' என்ற வார்த்தை வருவதற்காக அவள் முப்பத்தாறு வருஷமாகக் காத்திருக்கிறாள்.

- மாமா