டின்சிக்கு நான் போட்ட ‘ஆம்’

ஜூன் 9, திங்கள்
மழை. அங்கன்வாடிக்கு ஒன்பது பிள்ளைகள்தான் வந்தார்கள். மதியம் வளர்ச்சிப் பதிவேட்டை எழுதி முடித்தேன். ‘இரண்டு சொல் சேர்த்துப் பேசுகிறதா?’ என்ற கட்டத்தில் என் மகள் டின்சிக்கு ‘ஆம்’ என்று போட்டேன். இரண்டு வயது எட்டு மாதம். ‘ம்மா’ தவிர அவள் வாயில் ஒரு சொல் கிடையாது. வேண்டியதற்கெல்லாம் என் கையைப் பிடித்து இழுப்பாள். எழுதும்போது கை கொஞ்சமாவது தயங்கியதா? இல்லை. டீச்சரம்மா கை அல்லவா!

ஜூன் 12
டின்சி அப்பா சொல்கிறார்: “வீட்டுல தமிழு, அங்கன்வாடில மலையாளம். பிள்ளை எதைப் பிடிக்கும்? ஒண்ணை விட்டுத் தொலை இன்பா.”
கேரளத்தில் பள்ளிக்கூடத்துக்கு மலையாளந்தானே வேண்டும். தமிழை விட்டோம்.

ஜூன் 27
என் மலையாளம் மீட்டிங்கில் பேசுகிற மலையாளம். அதில் பிள்ளையைக் கொஞ்சத் தெரியவில்லை. பேச்சே குறைந்துவிட்டது. டின்சி என் முகத்தையே பார்க்கிறாள்.

ஜூலை 8
ஏலக்காய் எடுக்கப் போகும் மௌனிகா, மகனைக் கூட்டிப்போக வந்தாள். அவன் பேசவில்லை என்று போன வருஷம் தாலுக்கா ஆஸ்பத்திரிக்கு விரட்டி விரட்டி அனுப்பியது நான்தான். இப்போது வாய் ஓயாமல் பேசுகிறான்.
“நம்ம டின்சியைக் காட்டுனீங்களா டீச்சர்?”
“காட்டியாச்சு. ஒண்ணுமில்லைன்னுட்டாங்க.”
ஐயோ, என்ன வாய் இது! அவளுக்குச் சொன்ன புத்தி எனக்கு எங்க போச்சு? எதுக்குப் பயம்னு எனக்கே தெரியும் — டீச்சர் பிள்ளைக்கே பேச்சு வரலைன்னு எஸ்டேட் லயத்து வீடுகள்ல சொல்லுவாங்க. அவ்வளவுதான். அதுக்காகப் பெத்த பிள்ளைய ஒளிச்சு வெச்சிருக்கேன். வெக்கமா இருக்கு.

ஜூலை 9
திங்கட்கிழமை டின்சியை ஆஸ்பத்திரியில் காட்டிவிடலாம் என்று அவள் அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

ஜூலை 14
ஆஸ்பத்திரிக்குப் போனோம். காது நன்றாகக் கேட்கிறது. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் என்னைவிடச் சின்னவள். இரண்டு மொழி கேட்பதால் எந்தப் பிள்ளைக்கும் பேச்சு நிற்காதாம். உங்களுக்குச் சரளமாக வருகிற மொழியில் நாள் முழுக்கப் பேசுங்கள் என்றாள். ஆறு மாதம் முன்பே வந்திருக்கலாம் என்றும் சொன்னாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.
ஒரு மாதமாகப் பிள்ளையிடமிருந்து என் பேச்சையும் பிடுங்கி வைத்திருந்தேனே.

ஜூலை 15
பதிவேட்டில் ‘ஆம்’ என்பதை அடித்துவிட்டு ‘இல்லை’ என்று எழுதினேன். சூப்பர்வைசருக்கும் போனில் சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி
தாய்மார் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். “டின்சிக்குப் பேச்சு வரலை. நான் பொய் எழுதுனேன். மௌனிகாகிட்டயும் பொய் சொன்னேன்.” மௌனிகா தரையைப் பார்த்தாள். என் முகம் எரிந்தது.
எல்லாரும் போன பிறகு ஜோபியின் அம்மா மட்டும் குடையை விரிக்காமல் நின்றாள். மாதம் ஒருமுறை சத்துமாவு வாங்க மட்டும் வருகிறவள். பையனை அழைத்து வந்ததே இல்லை.
“டீச்சர், ஜோபி நல்லாப் பேசுறான்னு சொன்னேன்ல… அவனுக்கும் ரெண்டரை வயசாச்சு.”
“எத்தனை வார்த்தை சொல்லுவான்?”
“ஒண்ணுங்கூட இல்ல டீச்சர்.”
திங்கட்கிழமை காலை பஸ்ஸுக்குப் பிள்ளைகளும் நாங்களுமாக நாலு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம்.