பன்னிரண்டரை லட்சம் செங்கல்

1987, பங்குனி 20.

வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. மேலகரத்தில் என் சூளை வருஷத்துக்குப் பத்து லட்சம் செங்கல் சுட்டால்தான் குளத்து மண் எடுக்க பெர்மிட். இன்று தென்காசி ஆபீசில் கிளார்க் புதுக் கம்ப்யூட்டர் தாளைப் பார்த்துவிட்டு, "ஆச்சி, ஒரு லட்சத்துச் சொச்சந்தான் சுட்டிருக்கிய. பெர்மிட் கிடையாது" என்றான். மண் இல்லையென்றால் சூளையை மூட வேண்டியதுதான்.

தாளைப் பிடுங்கினேன். 1,250,000 என்று இருந்தது. முதல் கமாவைக் கண்டதும் லட்சம் என்று வாசித்திருக்கிறான். நான் படித்தது மூன்றாம் வகுப்பு.

"இலக்கத்த எண்ணுலே. ஏழு இருக்கு. பன்னிரண்டரை லட்சம்லே!"

கம்ப்யூட்டர் ஓட்டுகிறவர் எட்டிப் பார்த்தார். "மிசின் மூணு மூணாத்தான் கமா போடும், ஆச்சி."

"மிசினுக்கு எழுதிக் குடுத்தது நீருதானவே? கடைசி மூணு, அப்புறம் ரெண்டு ரெண்டுன்னு மாத்தி எழுதும். அதுவரைக்கும் நான் இங்கனதான் இருப்பேன்."

மத்தியானச் சோறுகூட உண்ணாமல் உட்கார்ந்திருந்தேன். நாலு மணிக்கு 12,50,000 என்று அச்சாகி வந்தது. பெர்மிட்டில் கையெழுத்தும் விழுந்தது.

வெளியே வரும்போது கிளார்க், "மனசுல வச்சுக்கிடாதிய ஆச்சி" என்றான்.

வைத்துக்கொண்டேன். அவன் பெயரை இதில் எழுதவில்லை. எழுதாமலே நினைவிருக்கும்.