அடிக்குறிப்பு ஏழு

மார்ச் 4
மச்சானின் கட்டுரை மதிப்பீட்டுக்கு என்னிடமே வந்திருக்கிறது. ஆய்விதழிலிருந்து எழுதியவர் பெயரை மறைத்துத்தான் அனுப்புவார்கள். மனைவியின் அண்ணன் நடை எனக்குத் தெரியாதா? முதல் வரியிலேயே பிடிபட்டுவிட்டது. 'எழுதியவர் உங்களுக்கு உறவா?' என்று படிவத்தில் ஒரு கேள்வி. இல்லை என்று தட்டினேன்.

மார்ச் 6
கருந்துளை மெல்ல மெல்ல ஆவியாகி ஒரு நாள் தீர்ந்துபோகும். அதற்குள் விழுந்தவற்றின் தகவல் என்ன ஆகிறது? கடைசியில் துளியூண்டு மிச்சம் நிற்கும், எல்லாம் அதற்குள் இருக்கும் என்பது என் கட்சி. பத்தொன்பது வருஷமாக இதைத்தான் கட்டிக்கொண்டு அழுகிறேன். மச்சானின் கட்சியில் மிச்சமே கிடையாது. வெளியே வரும் கதிர்வீச்சோடு எல்லாம் கசிந்து வந்துவிடுமாம். இப்போது ஊரே அவன் பக்கம். போன வாரம் என் உரைக்கு வந்தது நாலு பேர். அதில் ஒருவர் புரொஜெக்டரைச் சரிசெய்ய வந்தவர்.

பக்கத்து அறைக்காரர் மூன்றாம் கட்சி. "தகவல் தொலஞ்சுதான் போகுதுன்னு ஒத்துக்கிட்டேன், நல்லாத் தூங்குறேன். நீங்க ரெண்டு பேரும் எதுக்கு சார் அடிச்சுக்கிறீங்க?" என்கிறார். சிரிப்பு வேறு.

மார்ச் 9
கிடைத்தது! பின்னிணைப்பில், நாற்பத்தோராம் சமன்பாடு. ஈர்ப்பலைக்கு இரண்டு வகை அதிர்வு உண்டு. மடையன் ஒன்றைத்தான் எண்ணியிருக்கிறான். அதனால் வெளியே வரும் தகவலில் கொஞ்சம் குறைகிறது. அந்தக் குறையை 'பின்னர் ஆராயப்படும்' என்று பூசி மெழுகியிருக்கிறான்.

மார்ச் 10
'முதலாண்டு மாணவன்கூடச் செய்யாத பிழை. வெளியிடத் தகுதியற்றது.' அனுப்பிவிட்டேன். இன்று இரண்டு வாய் கூடவே சாப்பிட்டேன்.

மார்ச் 21
"அண்ணன் பேச்சே சரியில்லங்க" என்றாள் மனைவி. "ஏதோ கட்டுரையத் திருப்பிட்டாங்களாம். அத நம்பித்தான் பதவி உயர்வே இருந்துச்சாம். யாரு செஞ்சதுன்னு உங்களுக்கு ஏதும் தெரியுமா?"

தெரியாது என்றேன், செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு.

ஏப்ரல் 2
பதிப்பாசிரியர் வழியாக அவன் பதில் வந்திருக்கிறது. அப்படியே எடுத்து எழுதுகிறேன்: 'பிழையை ஏற்கிறேன். அந்த எண், அடிக்குறிப்பு ஏழில் உள்ள பழைய கட்டுரையிலிருந்து எடுத்தது. கணக்குப் போட்டவர் மேல் இருந்த நம்பிக்கையில் மறுபடி சரிபார்க்கவில்லை. இரண்டு அதிர்வையும் எண்ணினால் குறை நீங்கி விடை முழுதாக வருகிறது.'

அடிக்குறிப்பை நான் பார்க்கவே இல்லை. இப்போது பார்த்தேன். அவனும் நானும் சேர்ந்து எழுதிய முதல் கட்டுரை. கணக்குப் போட்டவன் நான்.

ஏப்ரல் 3
பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். என் கையெழுத்தேதான். ஒன்னுன்னு போட்டிருக்கேன் — ரெண்டு இல்ல, ஒன்னு. கணக்குல கொஞ்சம் குறையுது, அது எங்கேயாவது இருக்கணுமேன்னுதானே மிச்சத்தப் பிடிச்சேன்? குறையே இல்லேன்னா மிச்சம் எதுக்கு? பத்தொன்பது வருஷம்! என்னத்தக் கிழிச்சேன்?

ஏப்ரல் 4
ஆறு தடவை போட்டுப் பார்த்தேன். இரண்டுதான்.

ஏப்ரல் 8
பேசாமல் இருந்துவிடலாம். மதிப்பீட்டாளர் பெயர் வெளியே வராது. வேறொரு நொட்டை சொல்லித் தள்ளிவிட்டால் அவன் அலுத்துப்போய் விட்டுவிடுவான். உண்மையைச் சொல்வதென்றால் பழைய கட்டுரைக்குத் திருத்தம் வெளியிட வேண்டும். அதற்கு இருவரும் கையெழுத்திட வேண்டும். இந்த நேரம் பார்த்து நான் கையெழுத்துக் கேட்டால், அறிக்கை யாருடையது என்று அவனுக்குத் தெரிந்துபோகும்.

பிழை என்னுடையது என்று தெரிந்தும் அவன் ஏன் என்னை நேரே கேட்கவில்லை? என் மனசு நோகும் என்றா? நினைத்தாலே எரிச்சலாக இருக்கிறது.

ஏப்ரல் 12
வெளியிடலாம் என்று பதிப்பாசிரியருக்கு எழுதிவிட்டேன். உறவை மறைத்ததையும் எழுதினேன். திருத்தப் படிவத்தை மச்சானுக்கு அனுப்பினேன்.

ஏப்ரல் 13
கையெழுத்து வந்துவிட்டது. பதினெட்டு வருஷமாக 'மாப்ளே' என்று கூப்பிட்டவன் 'மதிப்பிற்குரிய பேராசிரியருக்கு' என்று தொடங்கியிருக்கிறான். 'கையெழுத்திட்டுள்ளேன். மதிப்பீட்டாளர் யாரென்று இனி நான் தேட வேண்டியதில்லை.' அவ்வளவுதான்.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "தப்பு எல்லாருக்கும்தான் வரும். அந்த முதலாண்டு மாணவன்னு எதுக்கு எழுதுனீங்க? அதச் சொல்லித்தான் அண்ணன் போன்ல அழுதாரு" என்றாள். வெட்கமாக இருந்தது.

மே 30
மச்சானின் கட்டுரை வெளிவந்துவிட்டது. பதவி உயர்வுப் பட்டியல் ஏப்ரல் முதல் வாரமே முடிந்துபோனது. அதில் அவன் பெயர் இல்லை. தன் தங்கையோடு மட்டும் பேசுகிறான். போனை நான் எடுத்தால் வைத்துவிடுகிறான்.

மத்தியானம் அந்தக் கட்டுரையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மார்ச்சில் முதல் வரியைத் தாண்டியதும் ஓட்டை தேடிப் பின்னிணைப்புக்குத் தாவியிருந்தேன். இன்று முதல் பக்கத்திலிருந்து, ஒரு வரி விடாமல் படித்தேன். மூன்று மணி நேரம் ஆயிற்று.

நன்றாக எழுதியிருக்கிறான்.