தாய்மாமன் மடி

தியாகராய நகர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் கீர்த்தியும் சுகம். நான்கு அடி எடுத்து வைக்கிறாள், ஐந்தாவதில் விழுகிறாள். மஸ்கட்டில் வெயில் குறைந்ததா? போனில் காதுகுத்துப் பேச்சை எடுத்தாலே அப்புறம் பேசலாம் என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

கீர்த்திக்குக் காது குத்தும்போது என் தம்பி மகேஷ் மடியில் உட்கார வைக்கக் கூடாதாம். என் சித்தப்பா மகன் ராகேஷ் மடி போதுமாம். உங்கள் அம்மா சொல்லிவிட்டார். மகேஷ் கம்மலை மட்டும் கொடுத்தனுப்பினால் போதுமாம். கம்மல் வேண்டும், மடி வேண்டாம். நல்ல நியாயம்!

தனக்கு எச்.ஐ.வி. இருப்பதை அவன் என்னிடம் மட்டும்தான் சொன்னான். நான் உங்களிடம் மட்டும் சொன்னேன். நீங்கள் அத்தையிடம் சொன்னீர்கள். இப்போது மாம்பலத்தில் பாதிச் சொந்தத்துக்குத் தெரியும்.

ஆறு வருடமாக ஒரு நாள் தவறாமல் மாத்திரை போடுகிறான். ரங்கநாதன் தெருக் கடையில் நாள் முழுக்க நின்று சேலை விரித்துக் காட்டுகிறான். மடியில் உட்கார்ந்தாலோ முத்தம் கொடுத்தாலோ ஒட்டாது என்று டாக்டரிடம் நானே நேரில் கேட்டுவிட்டு வந்தேன். அத்தையோ ஊசி, ரத்தம் என்கிறார். அட, குத்தப்போவது பிள்ளையின் காதை, அவன் காதையா? ஆசாரியும் புது ஊசிதான் எடுப்பார்.

நானும் யோக்கியமில்லை. போன மாதம் எல்லோருக்கும் டம்ளரில் காபி கொடுத்துவிட்டு, அவனுக்கு மட்டும் பேப்பர் கப்பில் நீட்டினேன். எல்லாம் தெரிந்தும் கை அப்படிச் செய்தது. குடித்து முடித்ததும் கப்பைத் தன் பையிலேயே வைத்து எடுத்துப் போனான்.

அத்தை சொன்னதை நேற்று அவனிடம் சொன்னேன். விடுக்கா, நான் பின்னாடி நின்னு பாத்துக்கிறேன் என்றான். என்னோடு சண்டை போட்டிருந்தாலாவது தாங்கியிருப்பேன்.

இன்று காலை பத்திரிகை அடிக்கக் கொடுத்துவிட்டேன். தாய்மாமன் என்ற இடத்தில் மகேஷ் பெயர்தான். உங்களைக் கேட்கவில்லை. திட்டுவதானால் என்னைத் திட்டுங்கள்.

ஆனால் நான் உட்கார வைத்தால் நாலு பேர் எழுந்து போவார்கள். தகப்பன் நீங்கள் வைத்தால் ஒருத்தரும் அசைய மாட்டார்கள். லீவு போட்டு வாருங்கள் அத்தான். எல்லோர் முன்னாலும் பிள்ளையைத் தூக்கி அவன் மடியில் நீங்களே வையுங்கள். ஊசிக்குக் கீர்த்தி அழுவாள், அழட்டும். என் தம்பி அழ வேண்டாம்.

கோபத்திலும் உங்கள் நலமே வேண்டும்,
ஜெயபாரதி